டம்ப் வால்வு ஸ்குரூவைத் திருப்பும் முன்: பட்டறையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் டர்போ என்றால் டீசல் வண்டிதான் வரும். இப்போது சின்ன பெட்ரோல் கார்களிலேயே டர்போ வந்துவிட்டது. நெக்ஸான், வென்யூ, சோனெட், ஃப்ரான்க்ஸ் என்று தெருவுக்கு ஒன்று நிற்கிறது. ஆன்லைனில் வாங்கிய, மேலே திருகும் ஸ்குரூ வைத்த 'அட்ஜஸ்டபிள் டம்ப் வால்வு' டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். தேவகோட்டைத் தம்பி கேட்டதையே பள்ளத்தூர்த் தம்பியும் கேட்கிறார். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் எழுதி வைத்தேன்.

"டம்ப் வால்வுன்னா என்னண்ணே? டர்போல ஒரு பார்ட்டா அது?"

டர்போவின் பாகம் இல்லை, டர்போவுக்குப் பக்கத்துணை. டர்போவில், என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905இல் காப்புரிமை எடுத்த யோசனை இது. இன்றைய சின்ன டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றையும் தாண்டும்.

அமுக்கிய காற்று, அதன் சூட்டை ஆற்றும் இன்டர்கூலர் வழியாக, த்ராட்டில் பாடிக்குப் போகும். ஆக்சிலேட்டரில் கால் வைப்பதற்கு ஏற்ப என்ஜினின் காற்று வாசலைத் திறந்து மூடும் மூடி அங்கேதான் இருக்கிறது. அந்தக் குழாய்ப் பாதையில் ஒரு கிளை எடுத்து, அதன் வாயில் மாட்டும் கதவுதான் டம்ப் வால்வு. பிளோ ஆஃப் வால்வு என்பதும் இதையே. காற்றை வெளியே விடாமல் டர்போவின் முன்பக்கத்துக்கே திருப்பி அனுப்பினால் அதற்கு டைவர்ட்டர் வால்வு என்று பெயர்.

"கால எடுத்தா டர்போ தானா நின்னுரும்ல? அப்புறம் எதுக்கு ஒரு வால்வு?"

நிற்காது. அதுதான் சிக்கலே. லட்சம் சுற்றில் ஓடும் சக்கரம் நீங்கள் காலை எடுத்த நொடியில் நிற்க முடியாது. ஆனால் த்ராட்டில் மூடி அந்த நொடியிலேயே அடைந்துவிடும்.

தோட்டத்தில் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட் வால்வைச் சடாரென்று மூடிப் பாருங்கள். பைப் முழுக்கத் துள்ளும், தரையில் 'தம்' என்று இடிக்கும். தள்ளுகிறவன் தள்ளிக்கொண்டே இருக்க, வாசல் அடைந்துவிட்டது. காற்றிலும் இதே கதைதான். போக வழியில்லாத காற்று திரும்பி வந்து டர்போ சக்கரத்தின் மீதே மோதும். சக்கரம் தள்ள, காற்று எதிர்க்க, மாறி மாறி நடக்கும் அந்தச் சண்டைக்கு சர்ஜ் என்று பெயர். புறா குமுறுவது போல 'பட பட பட' என்று கேட்பது அதுதான். அந்த நேரத்தில் ஒரு கதவைத் திறந்துவிட்டால் காற்று அமைதியாக வெளியேறும், சக்கரமும் தன் வேகத்தை இழக்காது. டம்ப் வால்வின் வேலை இவ்வளவுதான்.

"வேஸ்ட்கேட்டும் இதுவும் ஒண்ணுதானே?"

இல்லை. வேஸ்ட்கேட் புகைப் பக்கம் இருக்கிறது. பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கித் தள்ளும் காற்றின் அழுத்தம், எவ்வளவு ஏற வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. டம்ப் வால்வு காற்றுப் பக்கம் இருக்கிறது. கால் எடுக்கும்போது மட்டும் வேலை செய்கிறது. டம்ப் வால்வு ஸ்குரூவைத் திருப்பி யாரும் பூஸ்டை ஏற்ற முடியாது.

"எங்க வீட்ல ஸ்கார்ப்பியோ டீசல். அதுக்கும் சத்தம் வர்ற மாதிரி போட்டுத் தாங்க."

போட்டுத் தரமாட்டேன். டீசலில் நீங்கள் காலை எடுத்தால் குறைவது டீசல்தான். காற்றுப் பாதை அடைவதில்லை. வாசல் அடையாத இடத்தில் திறந்துவிட என்ன இருக்கிறது? புது பி.எஸ்.6 டீசல்களில் ஒரு மூடி உண்டு. ஆனால் அது புகை சுத்திகரிப்புக்காகவும் வண்டியைக் குலுங்காமல் நிறுத்தவும் வைத்தது. ஒவ்வொரு முறை கால் எடுக்கும்போதும் அது பெட்ரோல் த்ராட்டில் மாதிரி அடைவதில்லை.

டீசலுக்கென்று விற்கும் கிட்டில் பெடலில் ஒரு ஸ்விட்சும் கரண்டில் திறக்கும் ஒரு வால்வும் இருக்கும். டர்போ அமுக்கிச் சேர்த்த காற்றைச் சும்மா ஊதி வீணாக்கிச் சத்தம் போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. அந்தக் காசுக்கு நல்ல ஏர் ஃபில்டர் இரண்டு வாங்கலாம்.

"என் பெட்ரோல் வண்டில கம்பெனியே ஒண்ணு வச்சிருக்காமே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

டர்போவின் காற்றுப் பக்க உடம்பிலேயே கைப்பிடி அளவு கறுப்பு பாகம் ஒன்று மூன்று ஸ்குரூவில் மாட்டியிருந்து, அதற்கு வயர் போனால் அது எலக்ட்ரிக் டைவர்ட்டர். என்ஜின் கம்ப்யூட்டர்தான் அதைத் திறந்து மூடுகிறது. வயருக்குப் பதில் மெல்லிய ரப்பர் ஹோஸ் மட்டும் போனால் வேக்கத்தில், அதாவது என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பில், வேலை செய்யும் பழைய பாணி. சில புது என்ஜின்களில் இரண்டுமே இருக்காது. அவற்றில் காற்றுப் பாதை குட்டையாக இருக்கும். கம்ப்யூட்டர் த்ராட்டிலை மெதுவாக மூடி, வேஸ்ட்கேட்டையும் சேர்த்துத் திறந்து அதே வேலையைச் சாதித்துவிடும்.

எலக்ட்ரிக் வகையைக் கழற்றிவிட்டு ஸ்குரூ வால்வு மாட்டினால், பிளக் காலியாவதால் செக் என்ஜின் லைட் எரியும். அதை மறைக்க ஒரு ரெசிஸ்டரைச் சொருகுவார்கள். லைட் அணைந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர் நேரம் பார்த்துத் திறந்த வேலையை இப்போது ஒரு ஸ்ப்ரிங் செய்கிறது. வண்டி கம்பெனி நிலையிலேயே இருந்தால் இந்த மாற்றம் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

"காத்த வெளிய விடுறது நல்லதா, திருப்பி உள்ள விடுறதா?"

ஏர் ஃபில்டர் டப்பாவை ஒட்டி, டர்போவுக்குப் போகும் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், அதாவது உள்ளே நுழையும் காற்றை எடை போடும் தராசு. கம்ப்யூட்டர் அந்த எடைக்கு ஏற்ற பெட்ரோலை ஊற்றும். எடை போட்ட காற்றை நீங்கள் நடுவழியில் வெளியே கொட்டினால் பெட்ரோல் மட்டும் முழுதாகப் போய்ச் சேரும். புகை கறுக்கும், கியர் மாற்றும்போது வண்டி தடுமாறும், சில நேரம் நின்றே போகும். இந்த வண்டிகளுக்குத் திருப்பி உள்ளே விடும் வகைதான்.

அந்தத் தராசு இல்லாமல் மேனிஃபோல்டில், அதாவது த்ராட்டிலைத் தாண்டிய காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், அழுத்தத்தை மட்டும் பார்க்கும் மேப் சென்சார் வண்டியென்றால் வெளியே விட்டாலும் கணக்கு பெரிதாகக் கெடாது. பாதியை வெளியேயும் பாதியை உள்ளேயும் விடும் இரட்டை வாய் வால்வும் கிடைக்கிறது. தராசு வண்டிக்கு அதுவும் அரைகுறைத் தீர்வுதான்.

"சரிண்ணே, அந்த மேல இருக்கிற ஸ்குரூ எதத்தான் மாத்துது?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங்கை எவ்வளவு அமுக்கி வைப்பது என்பதை மட்டும்தான் மாற்றுகிறது.

வால்வுக்குள் ஒரு பிஸ்டன் இருக்கும், அல்லது டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு. அதன் கீழே டர்போ காற்று. மேலே ஸ்ப்ரிங்கும், மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸும். பிஸ்டன் 30 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். வண்டி ஐடிலில், அதாவது கால் வைக்காமல் என்ஜின் சும்மா ஓடி, நிற்கும்போது மேனிஃபோல்டில் சுமார் 0.6 பார் (பார் என்பது அழுத்த அளவு) வேக்கம் இருக்கும். அது பிஸ்டனை மேலே உறிஞ்சும் வலு 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அடுத்து, 1 பார் பூஸ்டில் போய்க்கொண்டிருந்து சட்டென்று காலை எடுக்கிறீர்கள். மேலே 0.6 பார் உறிஞ்சுகிறது, கீழே 1 பார் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து 11 கிலோவுக்கு மேல்.

ஸ்ப்ரிங் வலு 4 கிலோவுக்குக் கீழே இருந்தால் ஐடிலிலேயே கதவு திறந்து கிடக்கும். 11 கிலோவுக்கு மேலே போனால் கதவு திறக்கவே திறக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில், கீழ்ப்பக்கத்தை ஒட்டி, 5 கிலோ வாக்கில் வைப்பதுதான் இந்த வால்வுக்குச் சரியான இடம். உங்கள் வால்வின் பிஸ்டன் அளவும் என்ஜினின் வேக்கமும் வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்கு மாறாது. ஒரே வால்வைப் பல என்ஜினுக்கு விற்க வேண்டியிருப்பதால்தான் கம்பெனிக்காரன் ஸ்குரூவே வைக்கிறான்.

"பூஸ்ட் ஏத்தி டியூன் பண்ணிருக்கேன். அப்ப ஸ்ப்ரிங்கையும் இறுக்கணும்ல, இல்லன்னா பூஸ்ட்ல திறந்துக்குமே?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறுக்க வேண்டியதில்லை. நீங்கள் ஆக்சிலேட்டரை அழுத்தியிருக்கும்போது த்ராட்டில் திறந்திருக்கிறது. அப்போது கீழே என்ன அழுத்தமோ அதேதான் மேனிஃபோல்டிலும், ஹோஸ் வழியாகப் பிஸ்டன் மேலேயும். 1 பார் என்றால் இரண்டு பக்கமும் 1 பார், 2 பார் என்றால் இரண்டு பக்கமும் 2 பார். ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஸ்ப்ரிங் மட்டும் மிச்சம். டயாஃப்ரம் வகையில் மேல்பரப்பு கீழ்வாயை விடப் பெரிதாக இருப்பதால் பூஸ்ட் ஏற ஏறக் கதவு இன்னும் இறுகவே செய்யும்.

பூஸ்டில் நிஜமாகவே திறக்கிறது என்றால் மேல்பக்கத்துக்கு அழுத்தம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஹோஸ் கிழிந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது மிகவும் மெல்லியதாக இருக்கும். அதைப் பார்க்காமல் ஸ்குரூவை இறுக்குவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை போடுவது.

"எத்தன சுத்து வைக்கணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே, நானே வச்சுக்கிறேன்."

சுற்றுக் கணக்கு வண்டிக்கு வண்டி, வால்வுக்கு வால்வு மாறும். வைக்கும் முறையைச் சொல்கிறேன். என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். குளிர்ந்த என்ஜினில் ஐடில் ஏறியிருக்கும், வேக்கம் வேறாகக் காட்டும். ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். ஸ்குரூவை முழுக்கத் தளர்த்துங்கள். இப்போது ஐடிலில் வால்வின் வாயில் ஒரு சிகரெட் தாள் அளவு மெல்லிய காகிதத்தைக் காட்டினால் உள்ளே இழுக்கும். அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள், பிறகு கால் சுற்று, கால் சுற்றாக. காகிதம் இழுபடுவது நின்ற இடத்திலிருந்து இன்னும் கால் சுற்று மட்டும் கூட்டி லாக் நட்டைப் பூட்டுங்கள். திருப்பி உள்ளே விடும் வகையாக இருந்தால் திரும்பும் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

பிறகு ரோட்டில் ஒரு ஓட்டம். பக்கத்தில் ஆள் ஒருவரை உட்கார வைத்துக் காது கொடுக்கச் சொல்லுங்கள். திருச்சி ரோட்டில் திருமயம் வரை போய்த் திரும்பினால் எல்லா வேகத்திலும் கால் எடுத்துப் பார்க்க இடம் கிடைக்கும். எங்கும் படபடப்பு இல்லையென்றால் வேலை முடிந்தது. இனி அந்த ஸ்குரூவைத் தொடாதீர்கள்.

"ஹைவேல 'ப்ஸ்ஸ்'னு அழகா விடுது. டவுன்ல மெதுவா போயி கால எடுத்தா படபடங்குது. வால்வு டூப்ளிகேட்டா?"

வால்வு நல்லதாகவே இருக்கலாம். ஸ்குரூ பற்றிச் சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள். செக்காலை ரோட்டு நெரிசலில் பூஸ்ட் 0.3 பார்தான் ஏறியிருக்கும். காலை எடுத்தால் 0.3உம் 0.6உம் சேர்ந்து 0.9 பார், பிஸ்டனில் 6 கிலோ சொச்சம். உங்கள் ஸ்ப்ரிங் 8 கிலோவில் இருந்தால் திறக்காது. ஹைவேயில் 11 கிலோ கிடைப்பதால் திறக்கிறது. அரைச் சுற்று தளர்த்துங்கள், மேலே சொன்ன காகிதச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

"சிக்னல்ல நின்னா வண்டி உதறி ஆஃப் ஆயிருது தம்பி. மகன் என்னத்தையோ மாட்டினதுல இருந்துதான் இப்படி."

கோட்டையூரிலிருந்து வந்த ஒரு ஆச்சி கேட்டது. தினமும் அவர்கள்தான் அந்த வண்டியில் கடைக்கும் கோயிலுக்கும் போய்வருகிறார்கள். பார்த்தேன். தராசு சென்சார் வண்டி, அதில் வெளியே விடும் வால்வு, ஸ்குரூ முழுக்கத் தளர்வு. ஐடிலில் கதவு திறந்து கிடந்தது. தராசில் ஏறாத காற்று பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோல் கணக்கு தப்பி என்ஜின் உதறியது.

ஸ்குரூவை இறுக்கினால் நிற்பது குறையும். ஆனால் கால் எடுக்கும்போது வரும் தடுமாற்றம் போகாது, காரணம் முன்பே சொன்னது. பழைய டைவர்ட்டரையே திரும்ப மாட்டிக் கொடுத்தேன். வீட்டில் பெரியவர்கள் ஓட்டும் வண்டியில் பிள்ளைகள் சோதனை செய்து பார்க்கக் கூடாது. ரயில்வே கேட்டில் வண்டி நின்றுபோனால் விளையாட்டு இல்லை.

"மேல் ஹோஸை எங்கருந்து எடுக்கணும்? பக்கத்துல இருந்த ஒரு பைப்ல டீ போட்டு எடுத்துட்டேன்."

த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டிலிருந்து மட்டும். த்ராட்டிலுக்கு முன்னால் எடுத்தால் காலை எடுத்தாலும் வேக்கம் கிடைக்காது. மேலும் கீழும் ஒரே அழுத்தம், கதவு எப்போதும் மூடியே கிடக்கும்.

டீ போடுவதையும், அதாவது வேறு ஹோஸை வெட்டி மூன்று வாய் இணைப்பு வைத்துக் கிளை எடுப்பதையும், தவிருங்கள், முக்கியமாக பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் கை வைக்கவே வைக்காதீர்கள். அங்கே கசிவு வந்தால் பிரேக் கல்லாகிவிடும். தனி ஹோஸ், முடிந்தவரை குட்டை, உள்விட்டம் 4 முதல் 6 மில்லிமீட்டர், வேக்கத்தில் ஒட்டிக்கொள்ளாத தடித்த சுவர், இரண்டு முனையிலும் கிளிப். வால்வு சோம்பலாகத் திறக்கிறது என்று வரும் வண்டிகளில் முதலில் நான் பார்ப்பது இந்த ஹோஸைத்தான்.

"ஐடில்ல லேசா உறிஞ்சுது, ஆனா வண்டி ஜம்முனு ஓடுது. மேப் சென்சார் வண்டிதான். விட்டுறலாமா?"

வேறு ஊர் என்றால் பார்க்கலாம் என்பேன். நம் ஊரில் விடக் கூடாது. வெளியே விடும் வால்வு ஐடிலில் உறிஞ்சுகிறது என்றால் ஏர் ஃபில்டரைத் தொடாத காற்று நேராக என்ஜினுக்குள் போகிறது. நம்முடையது செம்மண் பூமி. கானாடுகாத்தான் பக்கமோ, ஆத்தங்குடி பக்கமோ ஒரு கிளை ரோட்டில் போய்வந்தால் பானெட்டுக்குள் எல்லாம் சிவப்புப் பொடி. அந்தப் பொடி சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போல அரைக்கும். திருப்பி உள்ளே விடும் வகையில் ஐடிலில் கொஞ்சம் திறந்திருந்தாலும் கெடுதல் இல்லை. சுற்றுவது ஃபில்டரைத் தாண்டி வந்த சுத்தக் காற்றுதான்.

"சர்வீஸ் ஏதும் பண்ணணுமா, மாட்டினா அப்படியே விட்டுறலாமா?"

பிஸ்டன் வகை என்றால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து, ஓ-ரிங் பார்த்து, மெல்லிய சிலிக்கான் கிரீஸ் ஒரு பூச்சு. கண்ட கிரீஸை அப்பினால் செம்மண்ணும் அதுவும் சேர்ந்து பசையாகிப் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ஒரு கோடையில் என் சொந்த வண்டியிலேயே இது நடந்தது. பேரிங் கிரீஸைத் தடவிவிட்டேன். மேலூரைத் தாண்டியதும் பிஸ்டன் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டது. மதுரை வரை டர்போ இல்லாத வண்டி மாதிரிதான் ஓட்டிப் போனேன்.

டயாஃப்ரம் வகைக்குத் துடைப்பு வேண்டாம். கை வேக்கம் பம்பை மேல் ஹோஸ் வாயில் மாட்டி இழுத்துப் பாருங்கள். முள் ஒரு நிமிடம் நின்றால் நல்லது, இறங்கினால் ரப்பர் கிழிந்திருக்கிறது.

"அந்தப் புறாச் சத்தம்தான்ணே கெத்து. வேணும்னே இறுக்கி வச்சா டர்போ உடனே போயிருமா?"

உடனே போகாது. பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். குறைந்த பூஸ்டில் ஓடும் வண்டிகளில் வால்வே இல்லாமல் வருடக்கணக்கில் ஓடியவையும் உண்டு. ஆனால் பூஸ்ட் ஏற்றிய வண்டி, பெரிய டர்போ என்றால் ஒவ்வொரு படபடப்பும் தண்டை முன்னும் பின்னும் இடிக்கிறது. அந்த இடியைத் தாங்குவது த்ரஸ்ட் பேரிங் என்ற சின்ன வளையம். அது தேய்ந்தால் தண்டு ஆடும், சக்கரம் உடம்பில் உரசும், ஆயில் காற்றுப் பாதையில் கசியும். டர்போ மாற்றும் செலவு உங்கள் வால்வின் விலையைப் போலப் பல மடங்கு.

"பிக்கப் கூடுமா? மைலேஜ்?"

மைலேஜ் கூடாது. கம்பெனி வால்வு நல்ல நிலையில் இருந்தால் பிக்கப்பும் கூடாது. பழைய வால்வின் ரப்பர் கிழிந்து கசிந்துகொண்டிருந்தால் மட்டும், மாற்றியதும் வண்டி வேறு வண்டி மாதிரி இழுக்கும். அது புது வால்வின் மகிமை இல்லை, கசிவு நின்றதன் பலன்.

"போலீஸ் பிடிப்பாங்களா? இன்சூரன்ஸ்ல பிரச்சன வருமா?"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2)ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. லைசென்ஸும் மூன்று மாதம் நிறுத்தப்படலாம். வாரண்டி இருக்கும் வண்டியில் மாட்டினால் டர்போ சம்பந்தமான க்ளைமை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். நம் தெருக்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை உயர்ந்த வீட்டுச் சுவர்கள். ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் ஒரு 'ப்ஸ்ஸ்' விட்டால் அது இரண்டு சுவரிலும் மோதி மோதிப் போகிறது. அந்தப் பெரிய வீடுகள் பலவற்றில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத் திருப்பி உள்ளே விடும் வகையையே வாங்குங்கள்.

"பூஸ்ட் கம்மியா இருக்குன்னு பைப்ல காத்தடிச்சு சோப்பு நுரை போட்டுப் பாத்தேன். டம்ப் வால்வுல இருந்துதான் காத்து வருது. புதுசு வாங்கிட்டேன், அதுலயும் வருது!"

பழைய வால்வைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது நல்ல வால்வுதான். என்ஜின் நின்றிருக்கும்போது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். நீங்கள் அடித்த காற்று பிஸ்டனுக்குக் கீழே மட்டும்தான் சேர்கிறது, மேனிஃபோல்டுக்குப் போகாததால் மேலே ஒன்றுமில்லை. ரோட்டில் இருபக்கமும் சமமாக இருக்கும் என்று சொன்னேனே, அந்தச் சமம் இங்கே கிடையாது. 1 பார் அடித்தால் 7 கிலோ கீழேயிருந்து தள்ளுகிறது. 5 கிலோ ஸ்ப்ரிங் திறந்துதான் கொடுக்கும். திறக்கவில்லை என்றால்தான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

மேல் ஹோஸை மேனிஃபோல்டிலிருந்து கழற்றி அந்த வாயை அடைத்துவிட்டு, நீங்கள் காற்றடிக்கும் அதே லைனிலிருந்து ஒரு கிளை எடுத்து வால்வின் மேல் வாய்க்குக் கொடுங்கள். இப்போது இருபக்கமும் சமம். 0.5 பாரில் ஆரம்பியுங்கள், வண்டியின் வழக்கமான பூஸ்டுக்கு மேல் போகாதீர்கள். இனியும் வால்வில் நுரை வந்தால் வால்வில் கோளாறு. வராவிட்டால் இன்டர்கூலரின் இரண்டு முனை கிளிப்புகளிலும் சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.